இரவல் விரல்கள்

விரலில் ஒட்டிய மையைப் போக்க சோப்பு உதவாது. துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு நகக்கண் வரை துடைக்க வேண்டும். சோப்பு அதற்கப்புறம்தான். முப்பத்தோரு வருஷமாக எல்லாரிடமும் இதைச் சொல்லி வருகிறேன். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு நேராகக் குழாயடிக்குத்தான் போவார்கள். அப்புறம் சட்டையெல்லாம் மை. இன்று காலை உங்கள் ஆள் என் விரல்களை எடுத்தபோதும் அதே கூத்துதான். மையை அள்ளிப் பூசினார், விரலை உருட்டாமல் அமுக்கினார். முதல் அட்டை வீண். இரண்டாவதை நானே எடுத்துக் கொடுத்தேன். அதில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் நடந்ததை வாயால் சொல்லச் சொன்னீர்கள். பேசினால் முன்னது பின்னதாகிவிடும், எழுதியே தருகிறேன் என்று நான்தான் தாள் கேட்டேன். கேட்டிருந்தால் போன வாரமே எழுதிக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தத் தாள் வேறு யார் கைக்காவது போகுமல்லவா, அதனால் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் போட்டோ கடைக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை. ஒரு மேஜை, மை தடவும் கண்ணாடிப் பலகை, ரப்பர் உருளை, ஒரு கட்டு அட்டை, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வெளிநாடு போக நினைக்கிற யாரும் பத்து விரல் அட்டை கொடுத்தாக வேண்டும். அட்டை தலைமை அலுவலகத்து ரேகைப் பிரிவுக்குப் போகும். அங்கே பழைய குற்றவாளிகளின் ரேகைகளோடு வைத்துப் பார்ப்பார்கள். எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால் போலீஸ் சான்றிதழ். அது வந்தால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் விசா. எங்கள் ஊரில் அட்டை எடுக்க உரிமம் உள்ளவன் நான் ஒருவன்தான். ஸ்டேஷனிலும் அதற்கென்று தனி ஆள் கிடையாது. யாரையாவது பிடித்துக்கொண்டு வந்தால் இன்ஸ்பெக்டர் எனக்குத்தான் போன் போடுவார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன்.

விரல் எடுப்பது பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லாருமே கையை விறைத்துக்கொள்வார்கள். நமக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துத் தாங்களே விரலை உருட்டுவார்கள். ரேகை வழுக்கிவிடும், அட்டை பாழ். "கையை என்கிட்ட விட்டுடுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தச் சுவத்தைப் பாத்துட்டு நில்லுங்க" என்பேன். கொஞ்ச நேரத்தில் கை கனக்க ஆரம்பிக்கும். கனத்துவிட்டால் ஆள் நம்மை நம்பிவிட்டார் என்று அர்த்தம். பெரிய பெரிய அதிகாரிகள்கூட அப்படிக் கையைக் கொடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி நின்றிருக்கிறார்கள். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சலவைக்காரம்மா வந்தார். ஆஸ்பத்திரித் துணிகளை மருந்துத் தண்ணீரில் அலசி அலசி அவர் விரல்களில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. மூன்று முறை அட்டை அனுப்பினோம். மூன்று முறையும் 'ரேகை தெளிவில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. மாசக் கடைசிக்குள் போகாவிட்டால் அது இன்னொருத்திக்குப் போய்விடும். நாலாம் முறை வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அழக்கூட இல்லை. கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர் பெயர் எழுதிய அட்டையில் என் பத்து விரலையும் உருட்டினேன். பத்தே நாளில் சான்றிதழ் வந்துவிட்டது.

அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். நானும் எந்தத் தப்பும் செய்யாதவன். ஒரு நல்லவர் விரலுக்குப் பதில் இன்னொரு நல்லவர் விரல். இதில் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம் என்று அன்றும் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது, கல்யாணமும் கிடையாது. போக ஓர் ஊரும் இல்லை. சும்மா கிடக்கிற விரல்கள்தானே என்று தோன்றியது. அவர் விமானம் ஏறிய அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் வந்தவர்கள் வேறு மாதிரி. விரல் நன்றாக இருக்கும், விரலுக்குப் பின்னால் ஒரு பழைய கேஸ் இருக்கும். அடிதடி, சைக்கிள் திருட்டு, கள்ளக் கையெழுத்து. உள்ளே இருந்துவிட்டு வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு பிழைக்கிற ஜனங்கள். அட்டையைப் பார்த்ததும் முகம் செத்துவிடும், அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு முழுசாகச் சொல்லச் சொல்வேன். என்ன செய்தீர்கள், யாரை, எப்படி, அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்பது வரை கேட்பேன். எதையாவது மறைத்தால் கண்டுபிடித்துவிடுவேன். எல்லாவற்றையும் கேட்டபிறகு முடிவு செய்வேன். எல்லாருக்கும் கொடுத்துவிடவில்லை. பெண்டாட்டியின் கையை ஒடித்த ஒருத்தன் வந்தான். பணம் தருகிறேன் என்றான். அவன் விரலையே எடுத்து அனுப்பி வைத்தேன். எனக்கும் ஒரு நியாயம் உண்டு. யாரிடமும் அட்டைக் கட்டணத்துக்கு மேல் கை நீட்டியதில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்று என்றீர்கள். என் கணக்கும் அதுதான்.

நாற்பத்தொன்றாவது ஆள்தான் தையல்காரர்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய உடுப்புகளைப் பிடித்துக் கொடுப்பது, கிழிசல் அடிப்பது, பள்ளிக்கூடத்து உடுப்பு தைப்பது. வயது முப்பத்தைந்து இருக்கும். மனைவி ஆறு வருஷமாக வெளிநாட்டில். ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. மகளை இரண்டு வயதில் கூடவே கூட்டிக்கொண்டு போனவர். இப்போது அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. தினமும் சாயங்காலம் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மகளோடு பேசுவார். மேஜைக்கு மேலே தெரிகிற அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். "அப்பா, உங்களுக்குக் கால் இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். இவர் முதுகுவலி, வேலை ஜாஸ்தி, அடுத்த வருஷம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மைக் காரணம் மனைவிக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது ஒரு கட்டுத் துணியைத் தூக்கியிருக்கிறார். மூன்று மாசம் உள்ளே. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று ஸ்டேஷனில் வீட்டுச் செல்லப்பெயரைச் சொல்லி, அப்பா பெயருக்கு மாமா பெயரைச் சொல்லியிருக்கிறார். அதனால் பாஸ்போர்ட் பெயருக்கும் அந்தக் கேஸுக்கும் சம்பந்தம் கிடையாது. விரல் ஒன்றுதான் இருவரையும் ஒரே ஆளாகக் காட்டும்.

"பேரை மாத்திக்கலாம், விரலை மாத்த முடியாது தம்பி" என்றேன்.

"அப்போ நான் போகவே முடியாதாண்ணே?"

அவரை மாடிக்கு அனுப்பி வைத்தேன். மூன்று நாள் விட்டுவிட்டேன். மாடியில் மிஷின் ஓடுகிற சத்தம் நின்று நின்று கேட்டது. இரண்டாம் நாள் ஓடவே இல்லை. நாலாம் நாள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே கொடுத்தால் எதற்கும் மதிப்பிருக்காது. அவர் என் காலில் விழப் போனார், நான் விடவில்லை.

பாஸ்போர்ட் வந்த அன்று அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவர் பார்த்தார். எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அளவு எடுக்கவில்லை, கண்ணாலேயே பார்த்துத் தைத்தது, அச்சாகப் பொருந்தியது. விசாவும் வந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட். போய் இறங்கியதும் மகள் முன்னால் நடந்து காட்டப் போகிறேன் என்றார்.

இனி மேடம் விஷயம். ரேகைப் பிரிவில் முப்பது வருஷம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர். தினமும் ரயிலில் போய் வருவார், வீடு எங்கள் ஊரில்தான், என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தனியாக இருந்தார். மாசக் கடைசியில் ஓய்வு. என் கையெழுத்து அவருக்குத் தெரியும், அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். மூன்றாம் தேதி சனிக்கிழமை, காய்கறிப் பையோடு என் அறை வாசலில் நின்றார். "நாலரைக்கு வீட்டுக்கு வாங்க சார், கொஞ்சம் பேசணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

உட்காரச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மேஜையில் மூன்று அட்டைகள் இருந்தன. மேலே தையல்காரருடையது.

"தொழில் தையல்னு போட்டிருக்கு. இடது ஆள்காட்டி விரல்ல ஒரு ஊசிக் குத்துகூட இல்ல. முப்பது வருஷமா பாக்கறேன், இப்படி ஒரு தையல்காரர் விரலை நான் பாத்ததே இல்ல சார்" என்றார்.

எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் விரல்கள் மிகவும் சுத்தம். அதுதான் தப்பாகிப் போனது.

சந்தேகம் வந்தபின் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மற்ற இரண்டு அட்டைகளில் ஒன்று சலவைக்காரம்மாவுடையது. இன்னும் எத்தனை இருக்கிறதோ என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அன்று மத்தியானம் தையல்காரரைப் போன் போட்டு வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார்.

"வாசல்லயே விழுந்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் எட்டிப் பாத்தாங்க. யார் விரல்னு கேட்டா மட்டும் வாயத் திறக்கல. எவ்வளவோ கேட்டுட்டேன். பழைய கேஸைச் சொன்னார், திருடினதைச் சொன்னார், உங்க பேரைச் சொல்லல. அட்டைக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு, எனக்குத் தெரியாமலா போயிடும்?"

மூன்று அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "அந்தக் கேஸை மறைக்காம எழுதியிருந்தாலே குடுத்திருப்பாங்களே சார்" என்றார். "பத்து வருஷம் தாண்டின சின்னக் கேஸ். அதுக்கெல்லாம் இப்ப யாரும் பாஸ்போர்ட்டை நிறுத்தறதில்ல. விதி மாறி நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது மேடம் என்றேன்.

தெரியும். அந்தச் சுற்றறிக்கை வந்த அன்றே படித்தேன். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். ஏன் தையல்காரரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அவர் என்னிடம் விதி என்னவென்று கேட்கவில்லை, உதவி கேட்டார். விதியைச் சொல்லி அனுப்பியிருந்தால் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருப்பார். அந்த நாலு வருஷத்தில் வந்த பதினேழு பேரில் பதினைந்து பேர் அப்படிப் போயிருக்கக் கூடியவர்கள்தான். ஆனால் அப்படிப் போனவர்களுக்கு யாருடைய அன்பும் கூடப் போயிருக்காது.

மேடம் நல்லவர். திங்கட்கிழமை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். "அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க, உங்களுக்கும் நல்லது. அந்தத் தம்பியும் சொந்த விரலைக் குடுத்து, உள்ளதை எழுதி, புதுசா வாங்கிக்கலாம். ரெண்டு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் நாற்பத்தொரு பேரை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் யாரோ தட்டுவார்கள். சலவைக்காரம்மா எழுந்து வந்து கதவைத் திறப்பார். அவர்கள் எல்லாரும் என்னை நம்பிக் கையைக் கொடுத்தவர்கள். அவர்களைக் காப்பாற்ற என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மேடம் டீ போடுகிறேன் என்று எழுந்தார். சோபாவில் ஒரு சின்னத் தலையணை இருந்தது. மற்றது டாக்டரின் அறிக்கையில் இருக்கிறது, நான் விவரிக்க வேண்டியதில்லை. முதலில் விறைத்துக்கொண்டார், எல்லாரையும் போலத்தான். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மேடம் என்று நான் சொன்னதாக ஞாபகம். கொஞ்ச நேரத்தில் கை கனத்துவிட்டது. அவரைச் சோபாவிலேயே படுக்க வைத்தேன். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். வெளியே நல்ல வெயில். தெருவில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். வயசானவர்கள் வீடுகளுக்கு நான் பெட்டியோடு போவது வழக்கம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

டம்ளரை ஏன் துடைக்கவில்லை என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா என்றீர்கள். தொழில் தெரிந்ததால்தான் துடைக்கவில்லை. டம்ளரில் கிடைத்த ரேகையைக் குற்றவாளிகளின் ரேகையோடு வைத்துப் பார்ப்பார்கள். அங்கே என் விரல் இல்லை. சான்றிதழுக்கு வந்த அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள், அதை ஒருவரும் பிரிப்பதில்லை. பிரிக்கிற ஒருவர் சோபாவில் படுத்திருந்தார். தையல்காரரை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலைக்காரம்மா பார்த்திருக்கிறார். மேடம் போனில் கடைசியாகப் பேசிய எண் தையல்காரருடையது. வாசலில் ஒருத்தன் விழுந்து புரண்டு அழுததைப் பக்கத்து வீட்டில் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் போட்டார். ஒரு ஆளைப் பிடித்திருக்கிறோம், வந்து விரல் எடுத்துக் கொடுங்கள் என்றார். யாரென்று சொல்லவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எழுத்தர் அறையில், ஜன்னல் ஓரம் தையல்காரர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்து அறையில் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற காவலர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையில் மையைத் தடவினேன். தையல்காரர் என் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, போன தடவை மாதிரியே செஞ்சிடுங்கண்ணே. என் விரலைக் குடுத்தா பழைய கேஸ் வந்துடும். திருட்டுப் பயன்னு தெரிஞ்சா அப்புறம் நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நான் அந்தம்மாவ ஒண்ணும் பண்ணலண்ணே. பன்னண்டாம் தேதி டிக்கெட்டுண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு? உங்க விரல் சுத்தமான விரல்ணே."

இன்னொரு தடவையும் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விரலை அவரே கொடுத்திருந்தால் அன்று மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போயிருப்பார். பழைய கேஸ் வெளியே வந்திருக்கும், ஆனால் டம்ளரில் இருந்த ரேகை அவரைக் காப்பாற்றியிருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு என் விரல்களை உருட்டினேன். முடித்தபின் அவர் விரல்களிலும் மையைத் தடவிவிட்டேன், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே. அவர் கை கொஞ்சம்கூட விறைக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியைக் கொடுத்தேன். சொன்னபடியே துடைத்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலையில் டம்ளரும் அட்டையும் ஒத்துப்போவதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. அதைத் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் போட்டார்.

"அட்டைல இருக்கறது உங்க விரலாம். எப்படி இருக்கு கதை? காலையிலேர்ந்து இதே பாட்டுதான், தொண்டை கட்டற அளவுக்குக் கத்தறான்" என்றார்.

நான் சிரித்தேன். "பிடிச்சவங்கள விட்டுட்டு மை தடவினவன் மேல பழி போடறது புதுசா சார்?" என்றேன். அவரும் சிரித்தார்.

"நீங்க வந்து என் முன்னாடி இன்னொரு தடவை எடுத்துக் குடுத்துடுங்க. அப்பவாவது வாயை மூடிக்குவான். இல்லன்னா நம்ம பசங்க மூட வைப்பாங்க" என்றார்.

"நாளைக்குக் காலைல வரேன் சார்" என்றேன்.

ஸ்டேஷன் என் அறையிலிருந்து நடந்து போனால் எட்டு நிமிஷம். அன்றே ஏன் போகவில்லை என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு அந்த வாரமே விமானம். அவர்களை விட்டுவிட்டுப் போவது முறையா? முப்பத்தோரு வருஷமாக அந்த ஸ்டேஷனுக்குப் போய் வருகிறேன். அங்கே சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் நாளைக்கு என்றேன். காலையில் ஏழு மணிக்கே போன் வந்தது. "நீங்க வர வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. தையல்காரர் எழுந்திருக்கவில்லை. எப்படி என்று நான் எழுத வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டு விஷயம்.

செத்தவர் விரலை எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்களே எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த விரல் டம்ளரோடு ஒத்துப்போகவில்லை, நான் கொடுத்த அட்டையோடும் ஒத்துப்போகவில்லை. பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கட்டுத் துணியோடு ஒத்துப்போனது. இடது ஆள்காட்டி விரல் முழுக்க ஊசிக் குத்து என்று நீங்கள் சொன்னீர்கள். எடுத்தவர் நன்றாக எடுத்திருக்கிறார்.

ஆகவே, எழுத வேண்டிய முறையில் எழுதுகிறேன். மேடத்தைக் கொன்றது நான். தையல்காரர் பெயரில் என் விரலைக் கொடுத்தது நான், இரண்டு தடவை. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னதும் நான். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. இதை முழு நினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மற்ற நாற்பது பேரையும் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

இன்னும் ஒன்று மிச்சம். நீங்கள் கேட்காதது. முந்தாநாள் தையல்காரரின் மனைவி என் அறைக்கு வந்தார். விமானத்தை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் உடலைப் பார்த்துவிட்டு, பெட்டியும் கையுமாக நேரே என்னிடம் வந்திருக்கிறார். மகளும் கூட இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மேலே மாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போன்ல எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவார். அண்ணன் இல்லன்னா எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லன்னு சொல்வார்" என்றார் அந்தப் பெண். "ஊரே அவரைக் கொலைகாரன்னு சொல்லுது. அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு நீங்க ஒருத்தராவது சொல்லுங்கண்ணா. இவ கேக்கற மாதிரி சொல்லுங்க."

"இல்லம்மா. தங்கமான மனுஷன்" என்றேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. செய்த உதவிக்கு ஒருவர் நன்றி சொல்லும்போது வேண்டாம் என்பது மரியாதை இல்லை.